ஓய்வுக்கு முந்தைய பதவி: தமிழக அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் பணியும் காலமும்

கேள்வி

ஓர் அரசுப் பள்ளி நன்றாக நடக்கிறது என்றால், ஊரார் சொல்லும் முதல் காரணம் எச்.எம். நல்லவர் என்பதுதான். அதே பள்ளி சில ஆண்டுகளில் தளர்ந்துபோனால் அதற்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்: பழைய எச்.எம். மாறுதலில் போய்விட்டார். பெற்றோர், ஆசிரியர், அலுவலர் எல்லோரும் ஏறக்குறைய ஒரே குரலில் சொல்லும் இந்த விளக்கத்தில் உண்மை உண்டு. ஆனால் அது வேறொரு கேள்வியை எழவிடாமல் செய்துவிடுகிறது. பள்ளியின் போக்கை ஒருவரது குணம் தீர்மானிக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு, அவர் எந்த வயதில், எந்த வழியாக, எதைக் கற்றுக்கொண்டு, எத்தனை ஆண்டுக்கு அந்த அறைக்குள் வருகிறார் என்பதை யாரும் கேட்பதில்லை.

தலைமை ஆசிரியர் பணி குறித்த நம் விவாதம் நெடுங்காலமாக இரண்டு தரப்புகளுக்கு இடையிலேயே நடந்துவருகிறது. பணிமூப்பே நியாயமான வழி என்பது ஒரு தரப்பு. தேர்வு வைத்துத் திறமையானவரை எடுக்க வேண்டும் என்பது மறுதரப்பு. இரண்டும் ‘யார்’ என்பதைப் பற்றியே பேசுகின்றன. இக்கட்டுரை ‘எப்போது’, ‘எவ்வளவு காலம்’ என்ற இரண்டையும் பற்றிப் பேசுகிறது. நம் அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் பணியின் முதன்மைக் குறை, ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காட்டிலும், அந்தப் பணிக்குக் கிடைக்கும் காலத்தில்தான் இருக்கிறது; அந்தக் காலத்தைச் சரிசெய்யாமல் தேர்வு முறையை மட்டும் மாற்றினால் பயன் சொற்பமே என்பது இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

பதவி பிறந்த விதம்

திண்ணைப் பள்ளியில் தலைமை ஆசிரியர் என்றொருவர் இருக்கவில்லை. ஆசிரியர் ஒருவர், அவருக்குக் கைகொடுக்கச் சட்டாம்பிள்ளை. பல வகுப்புகளும் பல ஆசிரியர்களும் பதிவேடுகளும் மானியமும் வந்த பிறகுதான் தலைமை ஆசிரியருக்குத் தேவை பிறந்தது. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கையைத் தொடர்ந்து மாகாணங்களில் பொதுக் கல்வித் துறைகள் ஏற்பட்டன. பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும், அதற்கு ஈடாக ஆய்வாளரை அனுப்பிப் பார்க்கும் என்ற ஏற்பாடு நிலைபெற்றது. ஆய்வாளர் வரும்போது பதில் சொல்ல ஒருவர் வேண்டும். வருகைப் பதிவேடு, கட்டணக் கணக்கு, மானியக் கணக்கு ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்று ஒருவர் கையெழுத்திட வேண்டும். நம் தலைமை ஆசிரியர் முதலில் அந்தக் கையெழுத்துக்கு உரியவராகவே பிறந்தார்.

இதே பதவியைப் பற்றிய வேறொரு படிமமும் அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தது. 1828 முதல் 1842இல் இறக்கும்வரை ரக்பி பள்ளியின் தலைவராக இருந்த தாமஸ் ஆர்னால்டு, பள்ளியின் ஒழுக்கத்தையும் அறிவையும் தன் ஆளுமையால் வடிவமைப்பவரே தலைமை ஆசிரியர் என்ற இலட்சியத்துக்கு முகமானார். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியின் பெயரிலும், யாழ்ப்பாணத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரியை நடத்திய ஹண்டி பேரின்பநாயகத்தின் பெயரிலும் இந்த இலட்சியத்தின் நிழல் உண்டு. இத்தகைய புகழ்பெற்ற பெயர்களைச் சொல்லும்போது நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம். ஆர்னால்டு ரக்பியில் இருந்தது 14 ஆண்டு. கொக்குவிலிலும் ஹண்டி பத்தாண்டையொட்டிய காலம் இருந்தார். ஆளுமை என்று நாம் வியப்பதில் ஒரு பங்கு, இருந்த காலத்தின் நீளம்.

கையெழுத்துக்கு உரியவர், ஆளுமையால் வழிநடத்துபவர் என்ற இந்த இரண்டில் துறையின் விதிகள் எதை ஏற்றுக்கொண்டன என்பதை அறியத் துறைத் தேர்வுகளைப் பார்த்தால் போதும். உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியராக விரும்பும் பட்டதாரி ஆசிரியர்கள் அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் துறைத் தேர்வுகளை எழுதுகிறார்கள்: கணக்குத் தேர்வு, அரசு அலுவலக நடைமுறை நூல் தேர்வு, துணை ஆய்வாளர் தேர்வு. கடைசித் தேர்வின் பெயரைக் கவனிக்க வேண்டும். பள்ளியை நடத்தப் போகிறவர் தேர்ச்சி பெற வேண்டியது, பள்ளியைப் பார்வையிட வருபவருக்காக ஏற்பட்ட தேர்வில்! பயணப்படியைக் கணக்கிடவும் கோப்பில் குறிப்பு எழுதவும் தெரிந்தவரா என்று துறை சோதிக்கிறது. சக ஆசிரியரின் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்து பார்த்து, அவர் மனம் நோகாமல் குறையைச் சொல்லத் தெரிந்தவரா என்று சோதிப்பதில்லை. அதைத் தாளில் சோதிக்கவும் முடியாது. அதைப் பின்னர் காண்போம்.

இரண்டு வரிசைகள்

ஆசிரியரின் பணி வாழ்க்கை தமிழகத்தில் எப்படி நகர்கிறது? தொடக்கக் கல்வியில் இடைநிலை ஆசிரியர், தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர், நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் என்றொரு ஏணி. பள்ளிக் கல்வியில் பட்டதாரி ஆசிரியர், உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர், மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர், அதற்கும் மேல் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று மற்றொன்று. மேல்நிலைப் பள்ளித் தலைமைக்கு முதுகலை ஆசிரியர்களும் வருகிறார்கள். ஏணியின் ஒவ்வொரு படியிலும் பணிமூப்புப் பட்டியல் உண்டு. பட்டியலில் இடம், காலிப் பணியிடம், கலந்தாய்வு என்ற மூன்றும் கூடும் நாளில் ஒருவர் தலைமை ஆசிரியர் ஆகிறார்.

இந்தப் பட்டியலுக்கு முன்பே மற்றொரு வரிசை இருந்தது. 2012இல் ஆசிரியர் தகுதித் தேர்வு நியமனத்தின் வாசலாக மாறும்வரை, இடைநிலை ஆசிரியர்களும் பட்டதாரி ஆசிரியர்களும் நெடுங்காலம் வேலைவாய்ப்பகப் பதிவு மூப்பின்படியே எடுக்கப்பட்டார்கள். பி.எட். முடித்துப் பதிந்துவிட்டுப் பதினைந்து ஆண்டு தனியார் பள்ளியிலோ வேறு வேலையிலோ காத்திருந்து, தலை நரைக்கத் தொடங்கும் வயதில் நியமன ஆணை பெற்றவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம். முதல் வரிசை முடிந்ததும் அவர்கள் இரண்டாவது வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடலாம். 38 வயதில் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு வர 16 ஆண்டு ஆகிறது என்று வைத்துக்கொண்டால், தலைமை ஆசிரியர் ஆகும்போது வயது 54. ஓய்வு வயது 58 ஆக இருந்தபோது அவருக்கு எஞ்சியவை நான்கு ஆண்டுகள். ஓய்வு வயது 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்ந்தபோது நாற்காலியில் இருந்தவருக்கு இரண்டு ஆண்டு கூடியது உண்மை. ஆனால் அவருக்குப் பின்னால் நின்றவரும் அதே இரண்டு ஆண்டு கூடுதலாகக் காத்திருக்க நேர்ந்தது.

எஞ்சிய அந்தச் சில ஆண்டுகளும் ஒரே பள்ளியில் கழிவதில்லை. உயர்நிலைப் பள்ளித் தலைமைக்கான பட்டியல் மாநில அளவிலானது. கலந்தாய்வில் முன்னால் இருப்பவர்கள் வீட்டுக்குப் பக்கத்து இடங்களை எடுத்துவிட, பின்னால் வருபவர் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் எது மிஞ்சியதோ அதை எடுக்கிறார். வாடகை அறையில் தங்கி, வெள்ளி மாலை பேருந்து பிடித்து ஊருக்குப் போய்த் திங்கள் காலை திரும்பும் தலைமை ஆசிரியர் அடுத்த மாறுதல் கலந்தாய்வைத்தான் எதிர்பார்த்திருப்பார். அதில் குற்றம் காண்பதற்கு ஒன்றுமில்லை. ஊர் திரும்பிய கொஞ்ச நாளில் மேல்நிலைப் பள்ளிக்கான பட்டியல் வரும். மீண்டும் ஓர் இடமாற்றம். இதற்கிடையில் வழக்குகளால் பட்டியல் நின்றுபோகும் ஆண்டுகளில் பள்ளி ‘பொறுப்பு’த் தலைமை ஆசிரியரின் கையில் இருக்கும். பொறுப்பில் இருப்பவர் தன் பாடத்தையும் நடத்த வேண்டும், அலுவலகத்தையும் பார்க்க வேண்டும். நாளை வரப்போகிறவருக்குப் பிடிக்குமோ என்ற தயக்கத்தில் எதையும் மாற்றவும் மாட்டார்.

பெண் ஆசிரியர்களுக்கு இந்த ஏணி இன்னும் வழுக்கும். குடும்பத்தை விட்டு வெளி மாவட்டம் போக முடியாமல் பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவர்களில் அவர்கள் கணிசமானோர். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243, தொடக்கக் கல்வி ஆசிரியர்களின் ஒன்றிய அளவிலான பணிமூப்பை மாநில அளவிலானதாக மாற்றியபோது ஆசிரியர் இயக்கங்கள் பலவும் எதிர்த்து நின்றதன் காரணங்களில் இதுவும் ஒன்று. பட்டியலின் பரப்பு விரிந்தால் நிர்வாகத்துக்கு ஆள் அனுப்ப வசதி. ஆனால் அது பள்ளிக்கும் தலைமை ஆசிரியருக்கும் இடையிலான தூரத்தைக் கூட்டுகிறது.

ஆய்வுகள் சொல்வது

தலைமை ஆசிரியரால் மாணவரின் கற்றலில் மாற்றம் வருமா என்பதே ஒருகாலத்தில் ஐயத்துக்கு உரியதாக இருந்தது. அமெரிக்காவில் 1966இல் வெளியான கோல்மன் அறிக்கை, குடும்பப் பின்னணியின் செல்வாக்கை முன்னிறுத்திப் பள்ளியின் பங்கைச் சிறிதாக்கிக் காட்டியது. அதற்கு மறுமொழி போல 1979இல் மைக்கேல் ரட்டரும் உடன் ஆய்வாளர்களும் லண்டனின் 12 உயர்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து, ஒரே வகைப் பிள்ளைகள் வரும் பள்ளிகளிலும் பள்ளியின் நடைமுறையைப் பொறுத்து விளைவு மாறுகிறது என்றார்கள். அதன் பிறகு கேள்வி ‘எவ்வளவு’ என்பதாக மாறியது. நிக்கலஸ் புளூமும் மற்றவர்களும் இந்தியா உட்பட 8 நாடுகளில் 1,800க்கும் மேற்பட்ட பள்ளிகளின் மேலாண்மையை அளந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், மேலாண்மை சிறந்த இடங்களில் மாணவர் தேர்ச்சியும் சிறந்திருந்தது. 8 நாடுகளில் இந்தியப் பள்ளிகளின் மதிப்பெண்தான் கடைசி. அமெரிக்காவில் கிரிஸமும் உடன் ஆய்வாளர்களும் 2021இல் செய்த தொகுப்பாய்வு, சராசரிக்குக் கீழான தலைமையின் இடத்தில் சராசரிக்கு மேலான தலைமை வந்தால் மாணவர் ஓராண்டில் கற்பது ஏறக்குறைய மூன்று மாதக் கற்றலுக்கு ஈடாகக் கூடுகிறது என்று மதிப்பிட்டது.

இந்த எண்களை மேற்கோள் காட்டி, திறமையானவரைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாகும் என்று முடிப்பவர்கள் உண்டு. அதே ஆய்வுத் துறையில் அவர்கள் கடந்துபோகும் இரண்டு செய்திகள் இக்கட்டுரைக்கு முக்கியமானவை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தரவை ஆராய்ந்த கோயலியும் கிரீனும் 2012இல் சொன்னது, தலைமையின் விளைவு முழுமையாக வெளிப்பட ஆண்டுகள் பிடிக்கும் என்பது. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் ரோலண்ட் பிரையர் நடத்திய களப் பரிசோதனை இன்னும் துல்லியமானது. பள்ளித் தலைவர்களுக்கு இரண்டு ஆண்டில் 300 மணி நேரப் பயிற்சி: பாடத் திட்டமிடல், மதிப்பெண் தரவைப் பார்த்துக் கற்பித்தலைத் திருத்துதல், வகுப்பைக் கவனித்து ஆசிரியருக்கு வழிகாட்டுதல். முதலாண்டில் மாணவர் தேர்ச்சி தெளிவாக உயர்ந்தது. இரண்டாம் ஆண்டில் விளைவு கரைந்துபோனது. பயிற்சி பெற்றவர்கள் பலர் அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்ததே காரணம் என்று அவர் வாதிடுகிறார்.

ஹூஸ்டனை நம் ஊரோடு அப்படியே பொருத்த முடியாது. அங்கே தலைவருக்கு இருக்கும் அதிகாரம் இங்கே இல்லை. ஆனால் திசை தெளிவானது. தேர்வும் பயிற்சியும் ஒருவரைத் தயார் செய்யலாம்; பலன் பள்ளிக்குச் சேர அவர் அங்கே இருந்தாக வேண்டும். முதலாண்டு ஆசிரியர்களைப் புரிந்துகொள்வதில் போகிறது. இரண்டாம் ஆண்டு கால அட்டவணையையும் வகுப்புப் பங்கீட்டையும் சீர்செய்வதில் போகிறது. ஆறாம் வகுப்பில் தன் கண்முன் சேர்ந்த பிள்ளையைப் பத்தாம் வகுப்புத் தேர்வுவரை பார்க்க ஐந்து ஆண்டு வேண்டும். நம் உயர்நிலைப் பள்ளிகளில் அந்த ஒரு சுற்றை முழுதாகக் காணாமலே ஓய்வுபெறும் வாய்ப்புள்ளவர்களைத்தான் மேற்சொன்ன இரண்டு வரிசைகளும் உருவாக்குகின்றன.

மறுப்புகள்

பணிமூப்பைக் குறை சொல்வதற்கு எதிராக எழும் மிக வலிமையான மறுப்பு, அதன் நேர்மை. பிறந்த தேதியையும் பணியில் சேர்ந்த தேதியையும் யாரும் திரிக்க முடியாது. நேர்காணல் என்று வந்தால் சாதியும் கட்சியும் பணமும் உள்ளே நுழையும் என்ற அச்சம் தமிழகத்தில் கற்பனையாகப் பிறந்ததில்லை. இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டாம். அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கான 1974ஆம் ஆண்டு விதிகள், பதவி உயர்வில் தகுதியும் திறமையுமே முதன்மை, அவை ஏறக்குறைய சமமாக இருக்கும்போதுதான் பணிமூப்பு என்று சொல்லின. ஆக ஒரே மாநிலத்தில், ஒரே பாடத்திட்டத்தில், திறமையை முன்வைத்த முறையும் பணிமூப்பு முறையும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் பல பத்தாண்டுகள் இயங்கின. திறமையை யார் அளப்பது, எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் நீதிமன்றம் சென்ற தலைமை ஆசிரியர் நியமனங்கள் உதவி பெறும் பள்ளிகளின் வரலாற்றில் நிறைய. அளவுகோல் இல்லாத இடத்தில் ‘திறமை’ என்ற சொல் நிர்வாகத்தின் விருப்பத்துக்கு மறுபெயராகிவிடும். இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். அதனாலேயே பணிமூப்பை ஒழிக்கச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கம் இல்லை.

தேர்வு வைத்தால் அந்தக் குறை நீங்காதா என்று கேட்கலாம். தமிழ் பேசும் நிலத்திலேயே அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. இலங்கையில் அதிபர் எனப்படும் பள்ளித் தலைவரின் பணி, ஆசிரியர் சேவையிலிருந்து வேறான ஒரு தனிச் சேவை. இலங்கை அதிபர் சேவையில் போட்டித் தேர்வு எழுதி மூன்றாம் தரத்தில் நுழைந்து மேலே போகலாம். பள்ளித் தலைமையைத் தனித் தொழிலாக அங்கீகரித்தது என்ற வகையில் இது நமக்கு எட்டாத முன்னேற்றம். நாற்பது வயதுக்குள்ளேயே ஒருவர் அந்தத் தொழிலுக்குள் நுழைய முடிகிறது. ஆயினும் தேர்வும் நியமனமும் தாமதப்பட்ட காலங்களில் சேவைக்கு வெளியே இருந்த ஆசிரியர்கள் பதில் கடமை அதிபர்களாக ஆண்டுக்கணக்கில் பள்ளிகளை நடத்தினார்கள். பிறகு தங்களை நிரந்தரமாக்கக் கோரிப் போராடினார்கள். தேர்வு என்ற வாசல் இருந்தாலும், அது உரிய காலத்தில் திறக்காவிட்டால் நம் ‘பொறுப்பு’ அங்கே ‘பதில் கடமை’ என்ற பெயரில் வந்துவிடுகிறது. இங்கிலாந்தும் ஒரு பாடம் தருகிறது. தலைமைக்கான தேசியத் தகுதிச் சான்றை 1997இல் உருவாக்கி, படிப்படியாகக் கட்டாயமாக்கிய அந்நாடு 2012இல் கட்டாயத்தைக் கைவிட்டது.

நமக்கு இப்போது வேறொரு தேர்வும் முன்னால் வந்து நிற்கிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, பணியில் உள்ள ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும். ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் தேர்ச்சி பெறாமலே பணியில் தொடரலாம், ஆனால் தேர்ச்சி இன்றிப் பதவி உயர்வு பெற முடியாது. தகுதித் தேர்வு அளப்பது எட்டாம் வகுப்புவரை கற்பிக்கத் தேவையான பாட அறிவையும் குழந்தை உளவியலையும். அது கற்பித்தலுக்குப் பொருத்தமான அளவுகோலா என்பது தனி விவாதம். தலைமைக்கான அளவுகோல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆக, ஆய்வாளருக்கான தேர்வும் வகுப்பு ஆசிரியருக்கான தேர்வும் தலைமை ஆசிரியரின் வாசலில் இரண்டு பக்கமும் நிற்கின்றன. தலைமைக்கென்று ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு தன்னையறியாமல் ஒரு விளைவை உண்டாக்கலாம். கடைசி ஐந்து ஆண்டில் உள்ளவர்களில் தேர்ச்சி பெறாதவர்கள் பட்டியலிலிருந்து விலகும்போது, இளைய வயதினர் தலைமைக்கு வரக்கூடும். காத்திருந்தவருக்கு அது பெரும் அநீதி என்ற குரலிலும் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு பயிற்சியைப் பற்றியது: பயிற்சிகளுக்குக் குறைவில்லையே, ஆண்டுதோறும் நடக்கின்றனவே என்பது. மத்தியப் பிரதேசத்தில் பள்ளி மேலாண்மையை உயர்த்த நடந்த திட்டத்தைப் பெரிய அளவில் பரிசோதித்துக் கார்த்திக் முரளிதரனும் அபிஜித் சிங்கும் 2020இல் வெளியிட்ட முடிவுகள் இங்கே நினைவுகூரத் தக்கவை. பள்ளிகள் மதிப்பிடப்பட்டன, மேம்பாட்டுத் திட்டங்கள் ஒழுங்காக எழுதப்பட்டன, ஆனால் பள்ளியின் நடைமுறையிலோ மாணவர் கற்றலிலோ மாற்றம் தென்படவில்லை. தாள் வேலை முடிந்தது. அதுவே வெற்றியாக எண்ணப்பட்டுத் திட்டம் மேலும் விரிவாக்கப்பட்டது. பள்ளித் தரவுகளுக்கான எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றுவதிலேயே முற்பகல் கழியும் எந்தத் தலைமை ஆசிரியருக்கும் இது புதுச் செய்தியாக இருக்காது. இதற்கு மாறாகச் சிங்கப்பூரில், தலைவராகப் போகிறவர் பதவிக்கு முன்பே முழுநேரமாக ஆறு மாதப் படிப்புக்கு அனுப்பப்படுகிறார். அங்கே ஆசிரியரின் பணி வாழ்க்கை கற்பித்தல், தலைமை, பாட வல்லுநர் என மூன்று தடங்களாகப் பிரிகிறது. நல்ல கணித ஆசிரியர் சம்பளம் உயர வேண்டும் என்பதற்காகக் கரும்பலகையை விட்டு நாற்காலிக்குப் போக வேண்டியதில்லை. நம் முறையில் பதவி உயர்வு என்பதே வகுப்பறையை விட்டு விலகுவதுதான். சிறிய நகர நாட்டின் ஏற்பாடு ஏழு கோடிக்கும் மேற்பட்ட மக்களுள்ள மாநிலத்துக்குப் பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. பயிற்சி பதவிக்கு முன்பா பின்பா என்ற வரிசைமுறைக்கு நாட்டின் அளவு தடையாகாது.

சிறிய பள்ளியின் தலைமை

இதுவரை சொன்னவை உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கே முழுதும் பொருந்தும். தொடக்கப் பள்ளியின் நிலை வேறு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஐந்து ஆசிரியர்களுக்கு அப்பால் தலைமை ஆசிரியர் ஒருவரைக் கேட்கிறது. 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். தமிழகத்து ஈராசிரியர் பள்ளிகளில் அந்த இருவரில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவருக்கு இரண்டு மூன்று வகுப்புகள் உண்டு; காலை உணவுத் திட்டம், சத்துணவு, சீருடை, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், குறுவள மையக் கூட்டம் எல்லாமும் உண்டு. தலைமைத்துவம் பற்றிய உலக ஆய்வுகள் பெரும்பாலும் வகுப்பெடுக்காத பள்ளித் தலைவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. இரண்டு பேர் உள்ள பள்ளியில் ஒருவர் மற்றவருக்குத் தலைவர் என்பதில் பொருள் குறைவு. அங்கே பணிமூப்பா திறமையா என்ற சண்டையும் வெறும் சம்பளச் சண்டைதான். அங்கும் குறைவது காலமே: ஆண்டுகளின் கணக்கில் குறைவது பெரிய பள்ளியில், நாளின் மணிகளின் கணக்கில் குறைவது இங்கே.

அதிகாரம் இல்லாதவருக்குக் காலம் கொடுத்து என்ன பயன் என்ற கேள்வியும் எஞ்சியிருக்கிறது. நம் தலைமை ஆசிரியர் ஆசிரியரை நியமிக்க முடியாது, மாற்ற முடியாது. தாமதமாக வருபவரைக் கடிந்துகொள்வதற்கு மேல் செய்வதென்றால் மேலிடத்துக்கு எழுத வேண்டும். இது உண்மை. ஆனால் எந்த ஆசிரியருக்கு எந்த வகுப்பு, முதல் பாடவேளையில் என்ன, படிக்கத் திணறும் பிள்ளைகளோடு மாலையில் யார் அமர்வது ஆகியவை இன்றும் அவர் கையில்தான் இருக்கின்றன. ஆணையால் நடக்காத இவை பழக்கத்தாலும் நம்பிக்கையாலும் நடக்கும். நம்பிக்கை உண்டாகச் சில ஆண்டுகள் வேண்டும். அதிகாரம் குறைந்த தலைமைக்குத்தான் காலம் அதிகம் தேவை.

செய்யக்கூடியது

பணிமூப்பைக் கைவிடாமலே செய்யக்கூடிய மாற்றங்கள் உண்டு. பட்டியலில் இடம்பெறத் தகுதியான பணிக்காலத்தைக் குறைத்து, ஓய்வுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு இருப்பவரையே புதிதாகத் தலைமை ஆசிரியராக்கலாம். அதனால் பதவி உயர்வை இழக்கும் மூத்தவருக்கு அதே சம்பள நிலையை வகுப்பறையிலேயே தரலாம்; அவர் கேட்பது பெரும்பாலும் அந்த மதிப்பையும் ஓய்வூதியக் கணக்கையும்தான். பட்டியல் வெளியானதும் அதில் உள்ளவர்களைப் பதவிக்கு முன்பாக நன்றாக நடக்கும் ஒரு பள்ளியில் ஒரு பருவம் உதவித் தலைமையாக இருக்கவைக்கலாம். சக ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துப் பேசும் கலையைத் தாளில் எழுதிச் சோதிக்க முடியாது என்று முன்னர் சொன்னேன். பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் அது வரும். பதவியேற்ற பின் விருப்ப மாறுதலுக்கு மூன்று ஆண்டுத் தடையும், அதற்கு ஈடாகத் தொலை மாவட்டத்தில் பணிபுரிவோருக்குக் குடியிருப்பும் என்பது கொடுக்கல் வாங்கலாக இருக்கும். வீடு தராமல் தடை மட்டும் விதித்தால் பெண்கள்தான் முதலில் விலகுவார்கள்.

செலவே இல்லாத ஒன்றும் உண்டு. தலைமை ஆசிரியர் மாறும்போது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியல் ஒன்று எழுதப்படுகிறது. ரொக்கப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, சாவிகள், தளவாடங்கள் எல்லாம் வரிசையாக அதில் இருக்கும். இரண்டு பேரும் கையெழுத்திடுவார்கள். ஏழாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த ஆசிரியர் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார், சென்ற ஆண்டு தொடங்கிப் பாதியில் நிற்கும் முயற்சி எது என்பவற்றுக்கு அதில் பத்தி இல்லை. அந்தப் பத்திகளைச் சேர்த்து, போகிறவரும் வருகிறவரும் ஒரு வாரம் சேர்ந்து பள்ளியில் இருக்க வேண்டும் என்று ஆணையிடத் துறைக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.